ஒரே சம்பவம், பல விசாரணை: இங்கிலாந்தில் மோசடி வழக்கு வந்தால் பாரிஸ்டரோடு வேலை செய்வது எப்படி

காசு தொடர்பான குற்றச்சாட்டு ஒன்று இங்கிலாந்தில் உங்கள் மீது வந்தால், அது ஒரே ஒரு வழக்காக வந்து முடிவது அபூர்வம். செய்யாத ஷிப்டுக்கு நேர அட்டை கொடுத்துச் சம்பளம் வாங்கியதாக ஒரு நர்ஸ் மீது புகார் வந்திருக்கிறது என்று வையுங்கள். மருத்துவமனை உள்விசாரணை நடத்தும். விஷயம் போலீஸுக்குப் போகலாம். நர்ஸ்களின் பதிவேட்டை வைத்திருக்கும் என்எம்சி தனியாக ஒரு கடிதம் போடும். அவர் விசாவில் இருப்பவர் என்றால் ஹோம் ஆபீஸும் கோப்பைத் திறக்கும். இத்தனை இடத்திலும் அவர் பேசப்போவது ஒரே சம்பவத்தைப் பற்றித்தான். ஓரிடத்தில் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு வரி, அடுத்த இடத்தில் அவருக்கு எதிரான ஆவணமாக மேசையில் இருக்கும்.

குற்றவியல், மோசடி, தொழில் ஒழுங்குமுறை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பாரிஸ்டர்கள், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்கள், லண்டனில் இருப்பதற்கு இதுதான் காரணம். வழக்குக் கோப்புகள் தயாரித்து இப்படிப்பட்ட பாரிஸ்டர்களிடம் கொண்டுபோவது என் வேலை. நம் ஆட்கள் தாமதமாக வருவதை அதிகம் பார்க்கிறேன். அதனால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் சட்டமுறை வேறு.

கடிதம் வந்த அன்று

முதலில் யார் அனுப்பியது என்று பாருங்கள். நீங்கள் பேசாமல் இருக்கலாமா கூடாதா என்பதே அதைப் பொறுத்து மாறும்.

போலீஸ் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் பெரிய மோசடிகளை விசாரிக்கும் சீரியஸ் ஃபிராடு ஆபீஸ், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்பினால் நிலைமை தலைகீழ். தக்க காரணம் இல்லாமல் பதில் சொல்லாமல் இருப்பதும் ஆவணம் கொடுக்காமல் இருப்பதுமே குற்றம். நிதித்துறையை மேற்பார்க்கும் எஃப்சிஏவுக்கும் இப்படிக் கட்டாயப்படுத்திக் கேட்கும் அதிகாரம் இருக்கிறது.

வரித்துறையான எச்எம்ஆர்சியிடமிருந்து ‘கோட் ஆஃப் பிராக்டிஸ் 9’ என்ற தலைப்பில் கடிதம் வந்தால், வரி மோசடி நடந்ததாக அவர்கள் சந்தேகிக்கிறார்கள் என்று பொருள். அதோடு ஒரு வாய்ப்பும் தருகிறார்கள்: வேண்டுமென்றே செய்தவற்றை முழுமையாக ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்துக்குள் வந்தால், ஒப்புக்கொண்ட விஷயங்களுக்காகக் குற்றவழக்குப் போடமாட்டார்கள். பதில் சொல்ல 60 நாள். இதைச் சாதாரண வரிக் கடிதம் என்று நினைத்துக் கணக்காளரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோனால் அந்த வாய்ப்பே போய்விடும். அரைகுறையாக ஒப்புக்கொள்வது அதைவிட ஆபத்து.

எந்தக் கடிதமானாலும் செய்ய வேண்டியவை ஒன்றுதான். உறையோடு சேர்த்து வையுங்கள். கெடு தேதியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே போன் எடுத்து விளக்கம் சொல்ல வேண்டாம். போனில் எதையும் அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலை அழித்தால், முதல் குற்றச்சாட்டு நிற்காமல் போனாலும், நீதியின் போக்கைத் திசைதிருப்பியதாக அதைவிடக் கனமான இன்னொரு குற்றச்சாட்டு வரலாம். சாட்சியாகக் கூடியவர்களைக் கூப்பிட்டு “நீ இப்படிச் சொல்லு மச்சான்” என்று பேசுவதும் அதே கணக்குத்தான். நல்ல எண்ணத்தில் பேசினேன் என்பது அங்கே எடுபடாது.

போலீஸ் விசாரணை

“கைது இல்லை, சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள்” என்று அழைப்பு வரும். அதற்குப் பெயர் விருப்ப விசாரணை. விருப்பம் என்ற சொல்லைக் கேட்டு லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பதிவாவதும் நீதிமன்றத்தில் சாட்சியம்தான். கைதானாலும் தானாகப் போனாலும் போலீஸ் விசாரணையில் சட்ட ஆலோசனை இலவசம். உங்கள் வருமானத்தைப் பார்ப்பதில்லை. தெரிந்த சொலிசிட்டர் (போலீஸ் நிலையத்துக்கு உங்களோடு வரும் வக்கீல்) இல்லை என்றால் ‘டியூட்டி சொலிசிட்டர்’ வேண்டும் என்று கேளுங்கள். வக்கீலைக் கேட்டால் குற்றம் செய்தவன் என்று நினைப்பார்களே என்ற தயக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. யாரும் அப்படி நினைப்பதில்லை. நினைத்தாலும் அது சாட்சியம் ஆகாது.

மொழிபெயர்ப்பாளரும் இலவசம். கடையில் ஆங்கிலம் பேசிச் சமாளிப்பவர்கள்கூடத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நல்லது. ‘தெரியும்’, ‘சந்தேகப்பட்டேன்’, ‘கவனிக்கவில்லை’ ஆகிய மூன்றுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில்தான் மோசடி வழக்கு நிற்கும். அந்த வித்தியாசத்தைப் பதற்றத்தில் இரண்டாம் மொழியில் சரியாகச் சொல்வது கடினம்.

விசாரணை தொடங்கும்போது அதிகாரி ஒரு எச்சரிக்கையை வாசிப்பார். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்னால் நீதிமன்றத்தில் ஆதாரமாக எடுக்கப்போகும் விஷயத்தை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம். சொல்வது எதுவும் சாட்சியமாக வைக்கப்படலாம். இதுதான் அதன் சாரம். நடுவில் வரும் பகுதி 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. ஆகவே “ஒன்றும் பேசாதே” என்று நண்பர் சொல்வதும் முழு உண்மை இல்லை, “எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள்” என்பதும் உண்மை இல்லை. எழுதிய அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நடுவழி. போலீஸ் எவ்வளவு ஆதாரம் காட்டியிருக்கிறது என்பதைப் பார்த்து சொலிசிட்டர் இதைத் தீர்மானிப்பார். என்எம்சி போன்ற அமைப்பில் பதிவு இருந்தால் அதை அவரிடம் அந்த அறையிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். சின்ன விஷயம்தானே, ‘போலீஸ் காஷன்’ என்ற பதிவாகும் எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாமே என்று கேட்பார்கள். நீதிமன்றம் இல்லை, அபராதம் இல்லை என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது. மருத்துவர் என்றால், மருத்துவர்களின் பதிவேட்டை வைத்திருக்கும் ஜிஎம்சிக்குத் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். ஏமாற்றுத் தொடர்பான காஷன் ஒன்று, தண்டனையே இல்லாமல், ஒருவரின் தொழிலை முடித்துவிடலாம். வக்கீலிடம் கேட்காமல் ஒருபோதும் ஏற்காதீர்கள்.

சொலிசிட்டர் யார், பாரிஸ்டர் யார்

இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வழக்கறிஞர் என்று ஒரே வகைதான். இலங்கையிலும் சட்டத்தரணி என்றால் ஒருவரே எல்லாம் செய்வார். இங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சொலிசிட்டர் உங்களோடு அன்றாடம் தொடர்பில் இருப்பவர். போலீஸ் நிலையத்துக்கு வருவது, ஆவணம் திரட்டுவது, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் பொறுப்பு. பாரிஸ்டர் வழக்கைப் பகுத்துப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்வார், நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுவார். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு ‘இன்’களில் ஒன்றில் சேர்ந்துதான் எவரும் பாரிஸ்டர் ஆக முடியும்.

பெரும்பாலான பாரிஸ்டர்கள் சுயதொழில் செய்பவர்கள். பலர் சேர்ந்து ஒரு ‘சேம்பர்ஸ்’ வைத்திருப்பார்கள். கட்டிடமும் கிளார்க்குகளும் பொது, வழக்கும் வருமானமும் அவரவருடையது. அதனால் அரசுத் தரப்புப் பாரிஸ்டரும் உங்கள் பாரிஸ்டரும் ஒரே சேம்பர்ஸைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். இடைவேளையில் இருவரும் சிரித்துப் பேசுவதைப் பார்த்து “விலைபோய்விட்டார்” என்று குடும்பத்தார் பதறுவதுண்டு. பயப்பட வேண்டாம். இந்த வாரம் அரசுக்காக வாதாடுபவர் அடுத்த வாரம் எதிர்த்தரப்பில் நிற்பது இங்கே வழக்கமான தொழில்முறை. அரசுத் தரப்பு எப்படி யோசிக்கும் என்று தெரிந்தவர் உங்களுக்குக் கிடைப்பது நல்லதுதான்.

கிளார்க்கை மதியுங்கள். பாரிஸ்டரின் நாட்குறிப்பும் கட்டணமும் அவர் கையில். கட்டணத்தைப் பாரிஸ்டரிடம் பேரம் பேச முடியாது. கிளார்க்கிடம்தான் பேச வேண்டும். வழக்கைப் படித்துத் தயாராகி முதல் நாள் வாதாடுவதற்கு ஒரு தொகை; இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு இவ்வளவு என்று தனி. மோசடி வழக்கு வாரக்கணக்கில் ஓடும், ஆகவே இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘கேஸி’ என்ற பட்டம் உள்ளவர், அதாவது கிங்ஸ் கவுன்சல், வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான வழக்குகளுக்கு வேண்டியதில்லை. பத்தாயிரம் பக்க வங்கிக் கணக்கைப் பொறுமையாகப் படிக்கும் நடுவயதுப் பாரிஸ்டர் ஒருவர், பெயர்பெற்ற கேஸியைவிட உங்களுக்கு அதிகம் உதவுவார் என்பது என் கருத்து.

சொலிசிட்டர் இல்லாமல் நேரடியாகப் பாரிஸ்டரிடம் போகவும் வழி உண்டு. 2004 முதல் ‘பப்ளிக் ஆக்சஸ்’ என்ற ஏற்பாட்டில், அதற்கான பயிற்சி பெற்ற பாரிஸ்டர்களைப் பொதுமக்கள் நேராக அமர்த்தலாம். ஒழுங்குமுறை வழக்குக்கும், ஒரு எழுத்துக் கருத்து வாங்குவதற்கும் இது நன்றாக வேலை செய்யும், செலவும் குறையும். ஆனால் பாரிஸ்டர் உங்கள் காசைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது, ஆவணம் திரட்டும் வேலை உங்கள் தலையில் விழும். பெரிய குற்றவழக்குக்கு சொலிசிட்டரோடு போவதே நல்லது. எவராக இருந்தாலும் பாரிஸ்டர் என்றால் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் பதிவேட்டிலும், சொலிசிட்டர் என்றால் அவர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்ஆர்ஏவின் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விசா விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் “எனக்குக் கோர்ட்டில் ஆள் இருக்கிறார்” என்று சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

செலவு பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வருமானம் அதிகம், அரசின் சட்ட உதவி கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தாலும் விண்ணப்பம் போடுங்கள். கிரவுன் கோர்ட்டில் சொந்தக் காசில் வாதாடி விடுதலையானால், செலவில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் சட்ட உதவிக்கு விண்ணப்பித்து வருமானத்தால் மறுக்கப்பட்டவருக்குத்தான் அது கிடைக்கும். திரும்பக் கிடைப்பதும் சட்ட உதவிக் கட்டண அளவுக்குத்தான். ஒரு படிவத்தை நிரப்பாமல் விட்டதால் ஆயிரக்கணக்கான பவுண்டு போனவர்கள் உண்டு.

காகிதம் சேர்ப்பது

மோசடி வழக்கில் பாரிஸ்டரின் திறமை பாதி, நீங்கள் கொடுக்கும் காகிதம் பாதி.

ஒரு காலவரிசை எழுதுங்கள். தேதி, என்ன நடந்தது, யார் இருந்தார்கள், அதற்கு என்ன ஆதாரம். தமிழிலேயே எழுதலாம், பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். பக்கத்தின் தலைப்பில் ‘என் வழக்கறிஞருக்காக’ என்று குறித்து அவருக்கு மட்டும் கொடுங்கள். சட்ட ஆலோசனை பெறுவதற்காக வக்கீலோடு பரிமாறிக்கொள்வதற்கு இரகசியப் பாதுகாப்பு உண்டு. அதையே அண்ணனுக்கும் நண்பர் குழுவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். பாரிஸ்டரைப் பார்க்கப் போகும்போது மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டாம் என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம். இன்னொன்று, மகள் முன்னால் அப்பா முழு உண்மையையும் சொல்லமாட்டார்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: சீட்டுக் காசும் உண்டியல் காசும். சீட்டு எடுத்த 18,000 பவுண்டை ரொக்கமாக வங்கியில் போடுகிறீர்கள். வங்கி சந்தேக அறிக்கை அனுப்புகிறது. 2017ஆம் ஆண்டின் கிரிமினல் ஃபைனான்சஸ் சட்டம் கொண்டுவந்த கணக்கு முடக்க உத்தரவை போலீஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாங்கி உங்கள் கணக்கை முடக்கலாம். 1,000 பவுண்டு இருந்தாலே போதும், உங்கள் மீது குற்றச்சாட்டு எதுவும் இருக்க வேண்டியதில்லை. அப்போது “இது சீட்டு” என்று வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. சீட்டு எப்படி நடக்கிறது, எத்தனை பேர், மாதம் எவ்வளவு, கழிவு எவ்வளவு, உங்கள் முறை எப்போது வந்தது என்று எழுதி, சீட்டுக் கொப்பியின் நகல், மாதாமாதம் நீங்கள் கட்டியதற்கான வங்கிப் பதிவு, மற்ற உறுப்பினர்களின் வாக்குமூலம் எல்லாம் வேண்டும். இதைச் சேர்த்துக் கொடுத்தால் பாரிஸ்டரால் நீதிபதிக்குத் தெளிவாகக் காட்ட முடியும். நேர்மையாகச் சேர்த்த காசை இழப்பவர்கள் பெரும்பாலும் காகிதம் இல்லாததால்தான் இழக்கிறார்கள்.

உண்டியல் வேறு கதை. பிறருக்காக ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலுக்கு, 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி எச்எம்ஆர்சியில் பதிவும், எஃப்சிஏவின் அனுமதியும் தேவை. பதிவில்லாமல் நடத்துவதே குற்றம், காசு எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் சரி.

பாரிஸ்டரிடம் என்ன சொல்வது

முழு உண்மையையும். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: “நான்தான் செய்தேன்” என்று சொல்லிவிட்டால், நீங்கள் செய்யவில்லை என்று அவர் நீதிமன்றத்தில் வாதிட முடியாது; நீதிமன்றத்தை ஏமாற்ற அவருக்கு அனுமதி இல்லை. அரசுத் தரப்பின் ஆதாரம் போதாது என்று மட்டும் வாதிடலாம். அதேபோல, சாட்சிக் கூண்டில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தரவும் முடியாது. இங்கே சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. மனப்பாடம் செய்துவிட்டு வருபவரை ஜூரி எளிதில் கண்டுபிடித்தும் விடும்.

மோசடி என்றால் என்ன என்பதையும் அவர் விளக்குவார். 2006ஆம் ஆண்டின் ஃபிராடு சட்டத்தில் அது மூன்று வழியில் நடக்கலாம்: பொய்யாகக் காட்டிக்கொள்வது, சொல்லக் கடமைப்பட்டதை மறைப்பது, நம்பி ஒப்படைக்கப்பட்ட பதவியைத் தவறாகப் பயன்படுத்துவது. காசு உண்மையில் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. அந்த நோக்கம் போதும். அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு.

எல்லாம் நேர்மையின்மை என்ற ஒரு புள்ளியில் வந்து நிற்கும். 1982ஆம் ஆண்டின் கோஷ் வழக்கிலிருந்து, தான் செய்வதை மற்றவர்கள் நேர்மையற்றது என்று நினைப்பார்கள் என்பது குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்ததா என்றும் ஜூரி பார்க்க வேண்டியிருந்தது. சூதாட்டக்காரர் ஃபில் ஐவி தொடர்ந்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றவழக்குகளுக்கும் அதுவே சட்டம் என்று உறுதி செய்தது. இப்போது முதலில் நீங்கள் உண்மையில் என்ன நம்பினீர்கள் என்று பார்ப்பார்கள். பிறகு, அந்த நம்பிக்கையோடு நீங்கள் செய்தது சாதாரண நேர்மையான மனிதர்களின் அளவுகோலில் நேர்மையானதா என்று பார்ப்பார்கள். ஆகவே “எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்பது தனியாக ஒரு தற்காப்பு ஆகாது. “முதலாளி அனுமதி கொடுத்திருக்கிறார் என்று நம்பினேன், இதோ அவருடைய மெசேஜ்” என்பது தற்காப்பு. பாரிஸ்டர் உங்களிடம் தோண்டித் தோண்டிக் கேட்பது அந்த மெசேஜைத்தான்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதா

எல்லாக் குற்றவழக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொடங்கும்; பெரியவை கிரவுன் கோர்ட்டுக்குப் போகும். முதல் கட்டத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதன் பிறகு நான்கில் ஒன்று, விசாரணை தொடங்கும் நாளில் பத்தில் ஒன்று. உண்மையில் செய்தவருக்கு இது பெரிய சலுகை, சீக்கிரம் தீர்மானிப்பது நல்லது. சலுகைக்காகச் செய்யாததை ஒப்புக்கொள்வது வேறு.

போஸ்ட் ஆபீஸ் ஹொரைசன் விவகாரத்தை நினைவில் வையுங்கள். 1999 முதல் 2015 வரை, ஹொரைசன் என்ற பிழையுள்ள கணினிக் கணக்கை நம்பி, 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தெற்காசிய வம்சாவளியினர் அவர்களில் பலர். திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம், பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொள் என்ற பேரத்தில் ஒப்புக்கொண்டவர்கள் ஏராளம். எடுக்காத காசுக்குத் தலைகுனிந்து நின்றார்கள். கிளை அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா திருட்டை ஒப்புக்கொள்ள மறுத்து வாதாடியும் 2010இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடையது உட்பட 39 தீர்ப்புகளை ரத்து செய்தது. மற்றவர்களுக்கு 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. அந்த அநியாயம் இத்தனை காலம் நீடித்ததற்கு முக்கிய காரணம், கணினியில் கோளாறு இருப்பதைக் காட்டும் ஆவணங்கள் தற்காப்புத் தரப்புக்குக் கொடுக்கப்படாததுதான்.

ஆகவே டிஸ்க்ளோஷர் என்ற கட்டத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். அரசுத் தரப்பு, தன் வாதத்தைப் பலவீனப்படுத்தக்கூடிய அல்லது உங்களுக்கு உதவக்கூடிய ஆவணங்களை உங்களுக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு 28 நாளுக்குள் உங்கள் தற்காப்பு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் எந்த ஆவணம் வேண்டும், ஏன் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டால்தான் கிடைக்கும். “கடையின் சிசிடிவி வேண்டும்” என்பது போதாது. எந்த நாள், எந்தக் கேமரா, அதில் என்ன தெரியும் என்று பாரிஸ்டருக்குச் சொல்ல உங்களால்தான் முடியும். இந்த வேலையில் நீங்கள் கொடுக்கும் நேரம், விசாரணை நாளில் கொடுக்கும் நேரத்தைவிடப் பலமடங்கு பெறுமதியானது.

விசாரணைக்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டிவரும். கிரவுன் கோர்ட்டில் தேங்கிய வழக்குகள் 70,000ஐத் தாண்டிவிட்டன. கடைசி நேரத்தில் பாரிஸ்டர் மாறுவதும் நடக்கும், வேறு நீதிமன்றத்தில் அவருடைய வழக்கு நீண்டுபோனால் இன்னொருவர் வருவார். உங்கள் காலவரிசை நன்றாக இருந்தால் புதியவர் ஒரு இரவில் வழக்கைப் பிடித்துக்கொள்வார். நீண்ட மோசடி வழக்குகளை ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சர் பிரையன் லெவிசன் 2025 ஜூலையில் பரிந்துரைத்தார். உங்கள் வழக்கு எப்படி விசாரிக்கப்படும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு வரும் காசுக் கணக்கு

தண்டனையோடு முடிந்தது என்று நினைக்கும்போது 2002ஆம் ஆண்டின் புரொசீட்ஸ் ஆஃப் கிரைம் சட்டம் வரும். நீதிமன்றம் பார்ப்பது உங்கள் லாபத்தை இல்லை, குற்றத்தால் கைக்கு வந்த மொத்தத் தொகையை. சில வகைக் குற்றங்களில் கடந்த ஆறு ஆண்டில் கணக்குக்கு வந்த காசெல்லாம் குற்றத்தில் வந்தது என்றே எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். மறுபடியும் சீட்டுக் கொப்பிதான். மனைவி பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் மாற்றியதையும் கணக்கில் சேர்க்கலாம். கட்டாவிட்டால் கூடுதல் சிறை, அதை அனுபவித்து முடித்தாலும் கடன் தீராது, வட்டியும் ஏறும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே, எவ்வளவு தொகை என்ற அடிப்படையில் ஒப்புக்கொள்கிறோம் என்று எழுத்தில் வரையறுக்க முடியுமா என்று பாரிஸ்டரிடம் கேளுங்கள்.

உரிமமும் பதிவும்

மருத்துவர் வழக்கு, மருத்துவர்களின் தகுதியை விசாரிக்கும், மான்செஸ்டரிலுள்ள எம்பிடிஎஸ் தீர்ப்பாயத்துக்குப் போகும். இங்கே குற்றவழக்கின் அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே அதிகம் வாய்ப்பு என்று காட்டினால் போதும். அதனால் ஜூரி விடுதலை செய்தவரையும் தீர்ப்பாயம் அதே சம்பவத்துக்காக விசாரிக்கலாம். மாறாகத் தண்டனை கிடைத்திருந்தால் அதைத் தீர்ப்பாயத்தில் மறுத்துப் பேச முடியாது.

முதல் ஆபத்து இடைக்கால உத்தரவு. எதுவும் நிரூபிக்கப்படும் முன்பே, 18 மாதம் வரை பதிவை நிறுத்திவைக்கவோ நிபந்தனை போடவோ முடியும். அறிவிப்பு குறுகிய காலத்தில் வரும், ஆகவே அன்றே பாதுகாப்பு அமைப்பை அழையுங்கள். மருத்துவர்களுக்கு எம்டியூ, எம்பிஎஸ் போன்றவை. நர்ஸ்களுக்கு ஆர்சிஎன் போன்ற சங்கங்கள். சந்தா கட்டியிருந்தால் அவர்களே பாரிஸ்டரை அமர்த்துவார்கள். இங்கே அரசின் சட்ட உதவி பொதுவாகக் கிடைக்காது, அதனால் அந்தச் சந்தாவை ஒரு மாதம்கூடத் தவறவிட வேண்டாம்.

அடுத்து எழுத்து விளக்கம். தவறை உணர்ந்தாரா, திருத்த என்ன செய்தார் என்பதைத் தீர்ப்பாயம் மிகவும் கவனிக்கும். ஆனால் குற்றவழக்கு நிலுவையில் இருக்கும்போது “தவறு செய்துவிட்டேன்” என்று உருக்கமாக எழுதினால் அது அரசுத் தரப்புக்குக் கிடைக்கலாம். மருத்துவமனை உள்விசாரணையில் கொடுக்கும் அறிக்கையும், நீங்கள் எழுதி வைக்கும் சுயசிந்தனைக் குறிப்பும் வக்கீல் இரகசியத்துக்குள் வராது. எந்த வரிசையில், எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானிக்கத்தான் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே பாரிஸ்டர் வேண்டும் என்கிறேன். குழந்தை மருத்துவர் ஹதிசா பாவா-கார்பா 2015இல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டார். தீர்ப்பாயம் 12 மாத இடைநிறுத்தம் போட்டது, ஜிஎம்சியின் மேல்முறையீட்டில் 2018 ஜனவரியில் பெயர் நீக்கப்பட்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைநிறுத்தத்தையே மீட்டது. குற்றத் தீர்ப்பு ஒன்று, தொழிலுக்குத் தகுதியா என்பது வேறு கேள்வி என்பதை அந்த நீதிபதிகள் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள்.

கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். மது விற்கும் தனிநபர் உரிமம் வைத்திருப்பவர் மீது சட்டம் பட்டியலிட்ட குற்றம் ஒன்று சாட்டப்பட்டால், அந்த உரிமம் இருப்பதை நீதிமன்றத்துக்கு முதல் முறை போகும்போதே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதது தனிக் குற்றம். வேலை அனுமதி இல்லாதவரை வைத்திருந்ததாக வரும் அபராதம் 2024 பிப்ரவரியிலிருந்து முதல் முறைக்கே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை. ஆட்சேபிக்க 28 நாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பேசாமல் கட்டிவிட்டால், அதே விஷயத்தை வைத்துக் கடை உரிமத்தை மறுபரிசீலனைக்கு எடுக்கலாம்.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவர்கள் குடிவரவு வக்கீலையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தும் நடவடிக்கை தானாகத் தொடங்கும். நிரந்தர வதிவிடம் இருப்பவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. தண்டனை நாளில் பாரிஸ்டர் 11 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் நடுவே ஏன் இவ்வளவு போராடுகிறார் என்பது அப்போது புரியும்.

மேல்முறையீட்டுக் கெடுக்களையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். கிரவுன் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 28 நாள். எம்பிடிஎஸ் முடிவை எதிர்த்து மருத்துவர் உயர் நீதிமன்றம் போகவும் 28 நாள். தீர்ப்பு வந்த அன்றே, வளாகத்தை விட்டுப் போகும் முன், மேல்முறையீட்டுக்கு அடிப்படை இருக்கிறதா இல்லையா என்ற கருத்தை எழுத்தில் தரும்படி பாரிஸ்டரிடம் கேளுங்கள்.